பெரியப்பா காங்கிரஸ்மேனுக்கு எழுதிய கடிதம் இப்போது எங்கே இருக்கும்?

அரசலாறு:
வணக்கம். அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் பழக்கமுள்ளவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

என் பெரியப்பா 1960களின் கடைசியில் க்ளீவ்லண்ட் போனவர். குடியுரிமை வாங்கியதும் தங்கையை, அதாவது என் அத்தையை, அழைத்துக்கொள்ள மனுப் போட்டார். மனு எங்கோ மாட்டிக்கொண்டது. தன் தொகுதி காங்கிரஸ்மேனுக்கு, அதாவது அங்கத்திய எம்.பி.க்கு, கடிதம் எழுதினார், அவர் ஆபீஸிலிருந்து இமிக்ரேஷனுக்குத் தாக்கல் போனது, அப்புறம்தான் காரியம் நகர்ந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அத்தை 1979-இல் விமானம் ஏறினார்.

பெரியப்பா எதற்கும் கார்பன் காப்பி வைத்துக்கொள்கிற ஆள். வீடு மாற்றியபோது அந்தப் பெட்டி போய்விட்டது. அவரும் இல்லை, அந்தக் காங்கிரஸ்மேனும் இல்லை (பெயரை இங்கே போட வேண்டாம் என்று பார்க்கிறேன்). வீட்டில் யாரிடமும் எதற்கும் கெஞ்சாத மனுஷர் இங்கிலீஷில் எப்படிக் கெஞ்சியிருப்பார் என்று படித்துப் பார்க்க ஆசை. அரசாங்க ஆவணம்தானே, வாஷிங்டன் நேஷனல் ஆர்கைவ்ஸில் கேட்டால் கிடைக்குமா?

லேக்ஈரி:
நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரி இங்கே எஃப்.ஓ.ஐ.ஏ. இருக்கிறது. காங்கிரஸுக்கு ஒரு மனுவைத் தட்டிவிடுங்கள், பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பழுப்புத்தாள்:
காங்கிரஸுக்கு எஃப்.ஓ.ஐ.ஏ. செல்லாது. நிர்வாகத் துறை அலுவலகங்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம். சட்டம் போட்டவர்கள் தங்களை மட்டும் பத்திரமாக வெளியே நிறுத்திக்கொண்டார்கள்.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஓய்வுபெற்ற அரசியல்வாதிகளின் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். முதலில், அது அரசாங்க ஆவணமே இல்லை. காங்கிரஸ் கமிட்டிகளின் கோப்புகள் நேஷனல் ஆர்கைவ்ஸுக்குப் போகும். பொதுவாக செனட் கோப்புகள் 20 வருடத்திலும் ஹவுஸ் கோப்புகள் 30 வருடத்திலும் திறக்கும், தனிமனிதர் விவரம் இருந்தால் 50. ஆனால் உறுப்பினரின் சொந்த ஆபீஸுக்கு வந்த தபால் முழுவதும் அவருடைய சொந்தச் சொத்து. கொளுத்தலாம், பரணில் போடலாம், பிடித்த கல்லூரிக்குத் தானமாகத் தரலாம். ஒழுங்காகப் பராமரித்து ஆய்வு நிறுவனங்களுக்குக் கொடுங்கள் என்று 2008-இல் இரு அவைகளும் ஒரு தீர்மானம் போட்டன. அது வேண்டுகோள்தான், கட்டாயம் கிடையாது.

ஆகவே அவர் பெட்டிகள் எங்கே என்று முதலில் பாருங்கள். காங்கிரஸே நடத்தும் வாழ்க்கைக்குறிப்புத் தளம் ஒன்று உண்டு, பயோகைட் என்று தேடினால் வரும். உறுப்பினர் பெயரைப் போட்டால் அவருடைய காகிதங்கள் எந்த நூலகத்தில் இருக்கின்றன என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஓக்லஹோமாவின் கார்ல் ஆல்பர்ட் மையம், ஜார்ஜியாவின் ரஸ்ஸல் நூலகம் மாதிரி இதற்கென்றே உள்ள இடங்களும் இருக்கின்றன. அப்புறம் அந்த நூலகத்தின் ஃபைண்டிங் எய்டை (எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற பட்டியல்) திறந்து, கேஸ் ஃபைல் என்ற வரிசை இருக்கிறதா என்று தேடுங்கள்.

அங்கேதான் உங்களுக்குக் கெட்ட செய்தி. தபாலை இரண்டாகப் பிரிப்போம். வியட்நாம், வரி, பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை என்று கருத்துச் சொல்லி வருவது இஷ்யூ மெயில். இதை ஆய்வாளர்கள் விரும்புவார்கள். 1951-இல் ஜனாதிபதி ட்ரூமன் ஜெனரல் மெக்கார்தரைப் பதவியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பினாரே, அதைப் பற்றிய செனட் விசாரணைக்குத் தலைமை வகித்த செனட்டர் ரஸ்ஸலுக்கு நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் கொட்டித் தீர்த்தார்கள். இன்னொன்று கேஸ் மெயில். பென்ஷன் வரவில்லை, பையனை ராணுவத்திலிருந்து விடுவிக்க வேண்டும், தங்கைக்கு விசா வேண்டும். உங்கள் பெரியப்பா இந்த ரகம். நிறைய ஆபீஸ்களில் இதைப் பெட்டி கட்டும் முன்பே கிழித்துவிடுவார்கள். நூலகத்துக்கு வந்தாலும் இடமில்லை என்று மாதிரிக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியைக் கழிப்பதும், பல வருடங்களுக்குப் பூட்டி வைப்பதும் உண்டு.

கிழிப்பது சரியா என்றால், எனக்கு மனசு ஒப்பவில்லை. இஷ்யூ மெயிலில் பாதி எங்கோ அச்சடித்து விநியோகித்த அட்டை, கீழே கையெழுத்து மட்டும் வேறு. கேஸ் மெயிலில்தான் ஆள் தெரிவார். கோடு போட்ட நோட்டுத்தாளில் பென்சிலால் எழுதி, விலாசத்தை மட்டும் யாரிடமோ கொடுத்து டைப் அடித்திருப்பார்கள். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்து, பின்னால் இருக்கும் பதில் நகலின் வெங்காயத்தோல் போன்ற மெல்லிய தாளிலும் அதே இடத்தில் கறை இறங்கியிருக்கும். ஒரு அம்மா தன் கணவரின் ஆஸ்பத்திரி பில்லை அசலாகவே இணைத்து அனுப்பியிருந்தார். அவர் நோய் என்ன என்று இப்போது எனக்குத் தெரியும், அவர் பேரன் பேத்திகளுக்குத் தெரியுமோ என்னவோ. அதனால்தான் பூட்டு. பூட்டை நான் குறை சொல்லவில்லை, கிழிப்பதைத்தான்.

(சம்பந்தமில்லாத ஒன்று: 2001-இல் செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொல்லும் கிருமியை வைத்த கடிதம் வந்தபிறகு காங்கிரஸ் தபாலுக்குக் கதிர்வீச்சு அடித்தார்கள். அந்தக் காலத்துத் தாள் 1960களின் தாளைவிடப் பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிறது.)

அரசலாறு:
விவரமாகச் சொன்னதற்கு நன்றி மேடம். பயோகைட்டில் பார்த்து, அதில் சொன்ன நூலகத்துக்கு மெயில் அனுப்பினேன். நீங்கள் சொன்னதேதான். கேஸ் ஃபைல் எதுவும் அவர்களிடம் வரவே இல்லையாம். அவ்வளவுதானா?

பழுப்புத்தாள்:
இல்லை, இன்னொரு முனை இருக்கிறது. லேக்ஈரி சொன்ன எஃப்.ஓ.ஐ.ஏ. இங்கேதான் உதவும்.

அந்தக் காலத்தில் காங்கிரஸ் ஆபீஸ்கள் இப்படிக் கடிதம் வந்தால் அதன் தலையில் ஒரு சின்ன அச்சடித்த சீட்டைக் குத்தி, சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அப்படியே தள்ளிவிடுவது சகஜம். பக் ஸ்லிப் என்போம். நகல்கூட எடுக்காமல் மூலக் கடிதமே போவதும் உண்டு. இமிக்ரேஷனில் அது போய்ச் சேர வாய்ப்புள்ள இடம் அத்தையின் ஏ-ஃபைல். குடியேறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு அப்படி ஒரு கோப்பு வைப்பார்கள், 1944-இலிருந்து இந்த ஏற்பாடு. பெரியப்பா போட்ட மனுவும் அதில்தான் இருக்க வேண்டும். இப்போது அந்தக் கோப்புகள் குடியேற்றத்தைக் கவனிக்கும் யூ.எஸ்.சி.ஐ.எஸ். இலாகா கையில், அது நிர்வாகத் துறை என்பதால் எஃப்.ஓ.ஐ.ஏ. செல்லும்.

அத்தை இருக்கிறார்களா? இருந்தால் நீங்கள் கேட்பதைவிட அவர்களே தன் கோப்பைக் கேட்பது சுலபம், ஆன்லைனிலேயே கேட்கலாம். ஏ நம்பர் தெரிந்தால் நல்லது. பச்சை அட்டையில் இருக்கும், இல்லாவிட்டால் பழைய இமிக்ரேஷன் தாள்களில் தேடச் சொல்லுங்கள். ‘முழுக் கோப்பும் வேண்டும், காங்கிரஸ் ஆபீஸிலிருந்து வந்த கடிதப் போக்குவரத்து உட்பட’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கடிதம் அதில் இருந்தே தீரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

லேக்ஈரி:
பாருங்கள், நான் சொன்னதும் பாதி சரிதான்.

அரசலாறு:
அத்தை டெக்சாஸில் அத்தான் வீட்டில் இருக்கிறார்கள். நேற்று போன் பண்ணினேன். “அந்த மனுஷன் கெஞ்சினானா? சண்டை போட்டிருப்பான்” என்கிறார்கள். அத்தான் ஏ நம்பரைத் தேடுகிறார். ஒரு சந்தேகம் மேடம், காங்கிரஸ்மேன் கைப்பட எழுதிய பதில் ஏதாவது அதில் இருக்குமா?

பழுப்புத்தாள்:
பதில் இருக்கலாம். கைப்பட என்று நம்ப வேண்டாம். எழுதுவது உதவியாளர், கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஆட்டோபென் மெஷின். நிஜக் கையெழுத்து உங்கள் பெரியப்பாவுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.