வெள்ளியன்று முடிவெடுத்துச் சனியன்று புறப்படும் ஓஸ்டெண்டே பயணம்: எதை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும்?

லூவன் மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெல்ஜியத்தின் லூவன் நகரில் படிக்கும் நாங்கள் ஐந்து பேர், நாளை சனிக்கிழமை காலை ஓஸ்டெண்டே கடற்கரைக்குப் புறப்படுவது என்று இன்று மதியம்தான் முடிவு செய்தோம். தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. ஜூலை முடிவதற்குள் எங்களில் இருவர் படிப்பை முடித்துக்கொண்டு நாடு திரும்புகிறார்கள். இரண்டு நாளும் நல்ல வெயில் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொல்கிறது. ஐவரும் ஒன்றாகப் போவதற்கு இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை என்பதால் ஒருவர் சொன்னதும் மற்ற நால்வரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டோம்.

ஆனால் அறை தேடத் தொடங்கியதும் கவலை வந்துவிட்டது. கடலைப் பார்த்திருக்கும் விடுதிகள் எல்லாம் எங்கள் சக்திக்கு மீறிய விலையில் இருக்கின்றன. கட்டுப்படியாகும் சில இடங்களோ இரண்டு இரவுகளுக்குக் குறைந்து தர மறுக்கின்றன. எங்களில் ஒருவருக்கு நீச்சல் தெரியாது, ஆனால் கடலில் இறங்க வேண்டும் என்ற ஆசை அவருக்குத்தான் அதிகம். இருவர் சைவம். ஒருவர் ஜேம்ஸ் என்சோர் என்ற ஓவியரின் வீட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். மற்றொருவர் மணலை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். திட்டமிட்டே செய்யும் பயணமாக இதை மாற்றிவிடவும் எங்களுக்கு மனமில்லை. எதை மட்டும் இன்றிரவே உறுதி செய்துகொண்டால், மற்றதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ரயில்பயணி

வணக்கம் சகோதரி. உறுதி செய்ய வேண்டியது படுக்கை ஒன்றுதான். அதையும் ஓஸ்டெண்டேயில் தேட வேண்டாம் என்பது என் கருத்து. லூவனிலிருந்து பிரஸ்ஸல்ஸ், கெண்ட், ப்ரூஜ் வழியாக ஓஸ்டெண்டேக்கு நேரடி ரயில் இருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே பாதையில் ப்ரூஜ் நகரம் ஓஸ்டெண்டேக்குக் கால் மணி நேர முன்னதாக வருகிறது. கோடை வார இறுதியில் கடலோரத்தில் அறை கிடைக்காதவர்கள் ப்ரூஜிலோ, இன்னும் அரை மணி நேரம் தள்ளி கெண்டிலோ தங்கிக்கொண்டு பகல் முழுவதையும் கரையில் கழிப்பது புதிதல்ல. கெண்ட் மாணவர் நகரம் என்பதால் கோடை விடுமுறையில் பொதுப்படுக்கை விடுதிகளில் இடம் கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

பெல்ஜியத்தின் உள்நாட்டு ரயில்களில் இருக்கை முன்பதிவு கிடையாது, அந்த நாளுக்கான சீட்டை வைத்துக்கொண்டு எந்த ரயிலிலும் ஏறலாம். திடீர்ப் பயணத்துக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. ஆனால் சீட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்; ரயிலுக்குள் நடத்துநரிடம் வாங்கினால் கூடுதல் கட்டணம் உண்டு. வெயில் நாள்களில் கடற்கரை ரயில்கள் நிரம்பி வழியும். பிரஸ்ஸல்ஸில் ஏறுபவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். நீங்கள் லூவனிலேயே ஏறிவிடுவதால் ஐந்து இருக்கைகள் ஒரே பெட்டியில் கிடைக்கக்கூடும். வார இறுதிகளில் தண்டவாளப் பணிகளுக்காகப் பாதை மாற்றப்படுவதும் உண்டு என்பதால், புறப்படும் முன் ரயில்வே செயலியை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். பெல்ஜியக் கரை வடமேற்கு நோக்கியது; ஜூலை மாதத்தில் சூரியன் இரவு பத்து மணியை ஒட்டி, நேர் எதிரே கடலுக்குள் இறங்கும். அதைப் பார்க்காமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்துக்குப் பிறகு உங்கள் தங்குமிடத்துக்குப் போக எந்த ரயில் இருக்கிறது, அதுதான் கடைசி ரயிலா என்பதைக் காலையிலேயே குறித்துக்கொண்டால், ஐவரும் பதற்றமில்லாமல் அமர்ந்து பார்க்கலாம். ப்ரூஜில் தங்குவது இந்த வகையிலும் கைகொடுக்கும்.

கரைவாசி

நான் இந்தக் கரையிலேயே வசிப்பவன். மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் படுக்கைக்கும் முன்பாக நீங்கள் பார்க்க வேண்டியது, கடல் ஏறி வற்றும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணையை. அறை கிடைக்காவிட்டால் இரவோடு திரும்பிவிடலாம். கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று தெரியாமல் நீச்சல் தெரியாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு இறங்குவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்ல மாட்டேன்.

இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 3 முதல் 5 மீட்டர் வரை மாறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வித்தியாசம் மிகுதி. கரை மிக மெல்லிய சரிவு உடையது என்பதால், வற்றத்தின்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிப் பரந்த ஈரமணலை விட்டுச் செல்கிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகிறது. ஆகவே சனிக்கிழமை பார்த்த நேரம் ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போயிருக்கும்.

கவனிக்க வேண்டியது அந்த ஈரமணலின் அமைப்பு. அது சமதளம் அல்ல. கரைக்கு இணையாக நீண்ட மணல்மேடுகளும், அவற்றுக்கு இடையே பள்ளங்களும் இருக்கின்றன. வற்றத்தின்போது பள்ளத்தில் கணுக்கால் அளவு நீரே இருக்கும், அதைக் கடந்து வெளிமேட்டுக்குப் போய்விடுவார்கள். கடல் ஏறத் தொடங்கும்போது தண்ணீர் முதலில் முன்னால் வருவதில்லை. முதுகுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில்தான் சேருகிறது. மேட்டில் நின்றுகொண்டு கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை உயிர்காப்பாளர் ஊதுகொம்பை ஊதித் திரும்ப அழைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வந்தபோது முழங்காலுக்குக் கீழே இருந்த பள்ளம், திரும்பும்போது அவர்களுடைய குழந்தையின் மார்பைத் தொட்டது. தந்தை குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்தார். அலை பெரிதாக இல்லை, காற்றும் இல்லை. எல்லாம் அமைதியாகவே நடந்தது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் காலை 10:30 முதல் மாலை 6:30 வரை அவர்கள் பணியில் இருப்பார்கள். பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம். மஞ்சள் என்றால் எச்சரிக்கையோடு குளிக்கலாம், காற்றடைத்த மெத்தைகளுக்கும் மிதவைகளுக்கும் அனுமதி இல்லை. சிவப்பு என்றால் யாரும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரியாதவருக்கு மிதவை வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் கரையோரத் தண்ணீர் கண்ணாடிபோல் தெரியும், ஆனால் அந்தக் காற்றுதான் மிதவையைச் சில நிமிடங்களில் எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடும். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளின் மீது ஏறவும் வேண்டாம், அருகில் குளிக்கவும் வேண்டாம். பாசி படிந்து வழுக்கும், ஏற்றத்தின்போது முற்றிலும் மூழ்கிவிடும், ஓரத்தில் நீரோட்டமும் பலமாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் தோழர் ஆசையை விட்டுவிடத் தேவையில்லை. கொடி பச்சையாக இருக்கையில், கடல் ஏறி நிற்கும் வேளையில், காப்பாளர் மேடைக்கு நேர் எதிரே, இடுப்பளவு நீரில் நண்பர்கள் சூழ நின்று குளிக்கட்டும். கோடை உச்சத்திலும் நீரின் வெப்பநிலை 18 முதல் 20 பாகைதான். முதல் சில நிமிடங்கள் உடல் நடுங்கும், பிறகு பழகிவிடும்.

சைவச் சமையல்

உணவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், இன்றும் பல கடைகள் அப்படியே செய்கின்றன. கடைக்குக் கடை மாறும் என்பதால், தாவர எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறச் சிற்றிறால் வைத்த குரோக்கெட் என்ற பொரித்த பண்டமும் பாலாடைக்கட்டி வைத்த குரோக்கெட்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலும் ஒரே எண்ணெயில்தான் வேகும். இதில் கறாராக இருப்பவர்கள் ரொட்டியும் பழமும் பல்பொருள் அங்காடியில் வாங்கிக்கொண்டு போவதே நிம்மதி. அசைவர்களுக்குக் கவலையே இல்லை: துறைமுக ஓரத்து மீன்சந்தையில் அன்றைய பிடிப்பைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைகளில் சூடான சாற்றோடு தரும் கடல்நத்தையைக் கட்டாயம் ருசித்துப் பார்க்க வேண்டும். கையில் திறந்த பொட்டலத்தோடு கரையில் நடக்காதீர்கள். கடற்காக்கைகள் பின்னாலிருந்து பறந்து வந்து பறித்துக்கொண்டு போகும்.

ஓவிய ஆர்வலர்

என்சோரின் வீட்டைப் பார்க்க விரும்பும் தோழருக்காக எழுதுகிறேன். அவர் சரியானதைத்தான் கேட்டிருக்கிறார். என்சோர் 1860-இல் ஓஸ்டெண்டேயில் பிறந்து, 1949-இல் அதே ஊரில் மறைந்தவர். அவருடைய தாய்வழிக் குடும்பம் சுற்றுலாப் பயணிகளுக்குச் சிப்பி, சங்கு, திருவிழா முகமூடி போன்றவற்றை விற்று வாழ்ந்தது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் வீடு அவருடைய மாமாவுடையது. அதன் தரைத்தளத்தில் அந்தக் கடையை அப்படியே வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கிய சங்குகளையும் சுவரில் தொங்கும் முகமூடிகளையும் பார்த்துவிட்டு மாடிக்குப் போனால், அவருடைய ஓவியங்களில் மனிதர்கள் ஏன் முகமூடி அணிந்து நெரிசலாக நம்மை முறைக்கிறார்கள் என்பது விளக்கமில்லாமலே புரிந்துவிடும். கிறிஸ்து பிரஸ்ஸல்ஸ் நகருக்குள் நுழைவதாக அவர் 1888-இல் வரைந்த மிகப் பெரிய ஓவியம் பல ஆண்டுகள் அவருடைய வரவேற்பறைச் சுவரிலேயே இருந்தது. மூலம் இன்று லாஸ் ஏஞ்சலஸில் ‘கெட்டி’ என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது, வீட்டில் நகலைக் காணலாம். அவருடைய கல்லறை மரியாகெர்கெயில், மணற்குன்றை ஒட்டிய சிறு தேவாலயத்தின் அருகே இருக்கிறது. கடற்கரை டிராமில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.

அந்த டிராமைப் பற்றி இதுவரை யாரும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் உங்களைப் போல் விருப்பங்கள் பிரிந்துகிடக்கும் குழுவுக்கு அதுதான் உண்மையான தீர்வு. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய டெ பானெயிலிருந்து நெதர்லாந்து எல்லைக்கு அருகேயுள்ள க்னோக்கெ வரை, பெல்ஜியக் கரையின் முழு நீளத்துக்கும், சுமார் 67 கிலோமீட்டர் ஓடுகிறது. கோடையில் அடிக்கடி வரும். வங்கி அட்டையைத் தொட்டே கட்டணம் செலுத்தலாம். ஒருவர் மணலில் படுத்திருக்க, மற்றவர்கள் ஏறிப் போய்விட்டு மாலையில் வந்து சேர்ந்துகொள்ளலாம். கிழக்கே டெ ஹான் என்ற சிற்றூர், வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமான பழைய மாளிகைகளோடு மிக அழகாக இருக்கும். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனிக்குத் திரும்ப மறுத்த ஐன்ஸ்டைன், 1933-ஆம் ஆண்டின் வசந்தத்தையும் கோடையையும் இந்த ஊரில் காவலர் பாதுகாப்போடு கழித்தார். மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் ஓஸ்ட்டய்ன்கெர்கெ. அங்கே மஞ்சள் மழையங்கி அணிந்த மீனவர்கள் கனத்த வண்டிக்குதிரைகளின் மேல் அமர்ந்து, குதிரையின் மார்பளவு நீரில் வலையை இழுத்து இறால் பிடிக்கிறார்கள். வலையின் முன்னால் மணலில் உரசிவரும் சங்கிலியின் அதிர்வுக்கு இறால்கள் துள்ளி வலைக்குள் விழுகின்றன. 2013-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. எல்லா நாளும் நடப்பதில்லை, நடக்கும் நாளிலும் வற்றத்தை ஒட்டித்தான். ஆகவே கரைவாசி சொன்ன அதே அட்டவணை இதற்கும் வேண்டும்.

லூவன் மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ப்ரூஜில் ஐந்து பேருக்கும் ஒரே அறையில் படுக்கைகள் கிடைத்துவிட்டன. ஓத அட்டவணையையும் பார்த்துவிட்டோம்: சனிக்கிழமை பிற்பகலில் கடல் ஏறி நிற்கும், அப்போது குளியல், காலையில் விரும்புபவர்கள் என்சோர் வீட்டுக்கு. டெ ஹானைப் பற்றி அங்கே போய் முடிவெடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக இருக்கலாம் என்று அறிக்கை இப்போது மாறியிருக்கிறது. மணலில் உட்கார முடியாத நாளில் என்ன செய்வீர்கள்?

கரைவாசி

படுக்கை கிடைத்ததில் மகிழ்ச்சி. பலத்த காற்றில் மணல் முகத்தில் அறையும். கரையை விட்டுத் துறைமுகத்துக்கு வந்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கு அருகிலேயே 1930-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மெர்காடோர் என்ற மூன்று பாய்மரப் பயிற்சிக் கப்பல் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். மீன்சந்தைப் பக்கமிருந்து எதிர்க்கரைக்கு ஒரு சிறு படகு போய்வருகிறது, அதற்குக் கட்டணமே இல்லை. அக்கரையில் நெப்போலியன் ஆணையிட்டுக் கட்டிய ஐங்கோணக் கோட்டையும் அதைச் சுற்றி மணற்குன்றுகளும் இருக்கின்றன. குன்றின் உட்பக்கம் காற்று குறைவு. மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடை ஒன்றை ஐவரும் எடுத்துவாருங்கள், ஜூலை என்பதை நம்பி விட்டுவிட வேண்டாம். படகு தொடர்ந்து ஓடினாலும் மாலையில் நின்றுவிடும். போகும்போதே திரும்பும் கடைசி நேரத்தைப் படகுத்துறைப் பலகையில் பார்த்துவிடுங்கள்.