ஸ்பேர் ஏறிடுச்சு, பூல் இன்னும் டிகிரேடட்: உதவி தேவை

சேமிப்பு24: அவசரம். பூல்ல (பல டிஸ்க் சேர்ந்த ஒரே சேமிப்பு) ஒரு டிஸ்க் போச்சு. ரீபில்டு (போன டேட்டாவை மத்த டிஸ்க்லேருந்து திரும்ப உருவாக்குறது) முடிஞ்சுது. புது டிஸ்க் வாங்கி ஸ்பேராச் (மாற்று டிஸ்க்) சேர்த்தும் டிகிரேடட்னே (ஒரு டிஸ்க் குறையுதுன்னு) காட்டுது. டேட்டா போயிடுமா?

மாறன்: எந்த ஃபைல் சிஸ்டம்? எத்தனை டிஸ்க்? ஸ்டேட்டஸ் முழுசாப் போடுங்க.

கேபிள்கண்ணன்: ஸ்மார்ட்ல (டிஸ்க்கோட சுய சோதனைப் பதிவு) 199ஆம் எண் பாருங்க ப்ரோ. அதுல சிஆர்சி (டேட்டா போகும்போது வர்ற பிழை) எண்ணிக்கை ஏறினா கேபிள், இல்லன்னா பேக்பிளேன் (டிஸ்க் செருகுற போர்டு). பாதி கேஸ் இதுதான்.

சேமிப்பு24: ஜெட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், டிரெய்டு2 (ரெண்டு பாரிட்டி, அதாவது டிஸ்க் போனா டேட்டாவை மீட்கிற கூடுதல் தகவல்). ஒரு தொகுப்புக்கு 8 டேட்டா, மொத்தம் 24 டிஸ்க், 2 ஸ்பேர், எல்லாம் 16 டிபி. 199 பூஜ்யம், 197 (படிக்க முடியாம நிக்கிற செக்டர்) ஏறிட்டே போகுது. ஸ்டேட்டஸ்ல ஸ்பேர்-10னு ஒரு வரி. அதுக்குக் கீழ பழைய டிஸ்க் ஃபால்ட்டட், டிரெய்டு2-0-0 ஆன்லைன்.

பூல்பாண்டி: இதை முதல் பதிவுலயே போட்டிருக்கணும். மேனுவல் படிக்காம டிரெய்டு கட்டக் கூடாது. இதுல ஸ்பேர்ங்கிறது தனி டிஸ்க் இல்ல, 24 டிஸ்க்லயும் பரவலா ஒதுக்கின காலி இடம்; டிரெய்டு2-0-0ங்கிறது அதுல ஒண்ணு. எல்லா டிஸ்கும் சேர்ந்து எழுதுறதாலதான் ரீபில்டு சீக்கிரம் முடியுது.

மாறன்: பயப்படாதீங்க. ரீபில்டு முடிஞ்சதால இப்பவும் ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும். ஒதுக்கின இடம் ஒண்ணு நிரம்பியிருக்கு, அதைக் காலி பண்ணணும், அவ்வளவுதான். ரீபில்டு செக்சம் (டேட்டா சரியான்னு காட்டுற எண்) பார்க்காது; பின்னாடி தானா ஓடுற ஸ்க்ரப் (முழு டேட்டா சரிபார்ப்பு) முடியட்டும். அப்புறம் ஜெட்பூல் ரிமூவ் போட்டு புது டிஸ்கை ஸ்பேர் பட்டியல்லேருந்து எடுங்க. ஜெட்பூல் ரீப்ளேஸ்ல பூல் பேர், பழைய டிஸ்க், புது டிஸ்க், இதே வரிசையில. பழையது பேர்ல பிடிபடலைன்னா ஸ்டேட்டஸ்ல ஜி ஆப்ஷன் போட்டு வர்ற எண்ணைக் குடுங்க. டிடாச் (பூல்லேருந்து டிஸ்கைக் கழட்டுற கட்டளை) மட்டும் பண்ணிடாதீங்க. இந்தத் தடவை ஒரே டிஸ்க்ல எழுதணும், ரொம்ப நேரம் பிடிக்கும்.

கேபிள்கண்ணன்: 24 டிஸ்குக்கு டிரெய்டு எதுக்கு? ரெய்டு-ஜெட்2 (பரவலான ஸ்பேர் இல்லாத, ரெண்டு பாரிட்டி முறை) ரெண்டு போதுமே. 8 டேட்டான்னா 4 கேபி ஃபைலுக்கும் 32 கேபி போயிடும், பாரிட்டி தனி.

பூல்பாண்டி: சின்ன பிளாக்கை ஸ்பெஷல் மிரர்ல (அதுக்குன்னே வைக்கிற தனி டிஸ்க் ஜோடி) தள்ளி, ரெக்கார்டு சைஸ் (ஒரு பிளாக்கோட அதிகபட்ச அளவு) 1 எம்பி வச்சா அந்தப் பிரச்சினையே இல்ல. 16 டிபி டிஸ்க்ல பாதுகாப்பு சீக்கிரம் திரும்புறதுதான் முக்கியம்.

கேபிள்கண்ணன்: ஸ்பேர் எண்ணிக்கையைப் பின்னாடி கூட்ட முடியாதே?

பூல்பாண்டி: முடியாது. கட்டும்போதே முடிவு பண்ணணும். ரெண்டு ஸ்பேர் கழிச்சு 22, அதுல பத்துக்கு எட்டு, 17.6 டிஸ்க் அளவுதான் டேட்டாவுக்கு.

சேமிப்பு24: ரீப்ளேஸ் முடிஞ்சுது. டிரெய்டு2-0-0 அவெய்ல் (திரும்பக் காலி), பூல் ஆன்லைன். நன்றி மாறன் சார்.