சிலிண்டர் தீயில் அக்காவின் கை வெந்துவிட்டது. ஏஜென்சி தரும் 40,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போடலாமா?

வியாசர்பாடி தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் அக்கா வீட்டில் புது சிலிண்டர் மாட்டிய ராத்திரி, அடுப்பைப் பற்ற வைத்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது. வலது கையில் முழங்கை வரைக்கும், கழுத்தில் கொஞ்சம். பக்கத்து வீட்டில் பதறிப்போய் பற்பசையை அப்பிவிட்டார்கள். 108-ஐக் கூப்பிட்டு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே அந்தப் பசையைக் கழுவி எடுத்தபோது அக்கா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

தொடையிலிருந்து தோல் எடுத்துப் புறங்கையில் ஒட்டியிருக்கிறார்கள். 24 நாள் கழித்து வீட்டுக்கு வந்தாயிற்று. அக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். நேற்று கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தார், கட்டை விரல் வளையத்துக்குள் போகவில்லை. சத்தமில்லாமல் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டார்.

ஏஜென்சியிலிருந்து ஒருவர் முத்திரைத்தாளோடு வந்தார். "சிலிண்டரில் குறையே இல்லை, நீங்கள் ரெகுலேட்டரைச் சரியாக மாட்டவில்லை, இருந்தாலும் 40,000 தருகிறோம்" என்றார். தாளின் கடைசியில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி. மாமா ஆட்டோ ஓட்டுகிறார். ஆஸ்பத்திரி அலைச்சலில் வாங்கிய கடன் நிற்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்வது?

ஓட்டேரிக்காரி:
தம்பி, கையெழுத்து வேண்டாம். மாமாவை நான் குறை சொல்லவில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது 40,000 எவ்வளவு பெரிய பணம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் போட்டேன். கல்யாணச் சமையல் வேலையில் கொதிக்கிற எண்ணெய் இடது கையில் கொட்டியது. கட்டு பிரிப்பதற்கு முன்பே 25,000 வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தீக்காயத்தின் செலவு டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. ஒட்டின தோல் சுருங்கும். தழும்பு மேலே தடித்துக்கொண்டு வரும். அதை அமுக்கி வைக்க அளவெடுத்துத் தைத்த இறுக்கமான உறையை ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும், குளிக்கத்தான் கழற்றலாம். சென்னை வெயிலில் அது படுத்துகிற பாடு போட்டவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரியில் விரல் மடங்காமல் இருக்க அச்சுக் கட்டை. எனக்குக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் இழுத்துக்கொண்டு, 11 மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் நடந்தது. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியவில்லை, எழுதிக் கொடுத்தாயிற்றே.

இன்னொன்று. டாக்டர்கள் கணக்கில் ஒரு கை முழுக்க வெந்தாலும் உடம்பில் 9 சதவீதம்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் 5, 6 என்று எழுதியிருந்தால் "சின்னக் காயம்தானே" என்பார்கள். கை, முகம், மூட்டு இதிலெல்லாம் சதவீதத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. அக்காவுக்கு அந்தக் கைதான் தொழில். பிசியோதெரபியை ஒரு நாள்கூட விட வேண்டாம் என்று சொல்லுங்கள், அழுதாலும் விட வேண்டாம்.

வக்கீல் குமாஸ்தா:
ஓட்டேரி அம்மா சொன்னதுதான் சரி. 40,000 என்று அவர்கள் சொல்கிற தொகையை விடுங்கள். வீட்டு கேஸ் இணைப்பு வைத்திருப்பவர்களுக்காக எண்ணெய் நிறுவனங்களே ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் பிரீமியம் கட்டுவதில்லை. கேஸால் ஏற்பட்ட தீ விபத்தில் மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரைக்கும், உயிர் போனால் 6 லட்சம். பதிவான முகவரியில் வீடும் சாமானும் சேதமானால் அதற்கும் 2 லட்சம் வரை உண்டு. ஏஜென்சிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. நகலை எண்ணெய் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவு போட்டிருப்பார்கள், அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். போலீஸில் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) மட்டும் கொடுத்திருந்தால் எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். வெளியே வாங்கிய மருந்து பில் எல்லாம் ஒரிஜினலாக வேண்டும். சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் எதையும் ஏஜென்சியிடம் திருப்பித் தராதீர்கள். போலீஸ் எடுத்துப்போனால் எழுதி வாங்குங்கள். சிலிண்டரின் மேல் வளையத்துக்குக் கீழே உள்பக்கம் ஏ, பி, சி, டி-யில் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். அது அடுத்த சோதனைக்கான கெடு, பி-27 என்றால் 2027 ஜூன் வரை. அதையும் டியூபில் அச்சிட்ட வருடத்தையும் போட்டோ எடுங்கள்.

வருமான இழப்பையும் வலியையும் இந்தக் காப்பீட்டில் கேட்க முடியாது. அதற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விபத்து நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். புகார் கட்டணம் நாம் பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது, சிலிண்டர் விலைக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வழியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. அக்கா மாதம் எவ்வளவு சம்பாதித்தார் என்பதற்கு ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?

வியாசர்பாடி தம்பி:
இருக்கிறது அண்ணா. அளவு நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், அளவு, கூலி, கொடுத்த தேதி எல்லாம் அக்கா கையெழுத்தில், நாலு வருடத்துக்கு. தீப்பிடித்த அன்று எழுதிய பக்கத்தில் மார்பளவு வரைக்கும்தான் இருக்கிறது.

இந்தப் பதில்களை மாமாவுக்கு உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடிதத்தை அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், நாளைக்குக் காலையில் ஸ்பீட் போஸ்ட்.