மும்பைக் காலுக்கு எது: அயர்ன் ரேஞ்சரா, மோக் டோவா?

சயான்வாசி

மினியாபோலிஸில் இருக்கும் மாமா டிசம்பரில் மும்பை வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்டார். ஐந்து வருடமாக மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்: ஒரு ஜோடி ரெட் விங் பூட்ஸ். கம்பெனி இருக்கிற ரெட் விங் ஊர் அவர் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தானாம். "சரி, எந்த மாடல்?" என்றார். அங்கேதான் முழிக்கிறேன்.

ஒன்று அயர்ன் ரேஞ்சர். விரல் பக்கம் இரண்டு அடுக்குத் தோலில் தொப்பி போட்டது, தனி ஹீல், சின்னச் சின்னப் பள்ளம் வெட்டிய கறுப்பு ரப்பர் அடி. இன்னொன்று கிளாசிக் மோக், எல்லோரும் மோக் டோ என்பது. விரலைச் சுற்றி லாடம் மாதிரி வளைந்த புடைப்புத் தையல். ஹீல் கிடையாது, குதிகாலிலிருந்து நுனிவரை ஒரே துண்டாக வெள்ளை வெட்ஜ் சோல். இரண்டும் ஆறு அங்குல உயரம். இரண்டும் குட்இயர் வெல்ட், அதாவது மேல்தோலும் சோலும் இடையில் ஓடுகிற ஒரு பட்டையில் (அதுதான் வெல்ட்) தைத்தது, சோல் தேய்ந்தால் பிரித்து வேறு சோல் தைக்கலாம்.

நான் தினமும் சயானில் ரயில் ஏறி சிஎஸ்எம்டியில் இறங்கி ஃபோர்ட் வரை நடக்கிறவன். மழை நான்கு மாதமும் ரப்பர் செருப்புதான், அதில் மாற்றம் இல்லை. மற்ற எட்டு மாதத்துக்கு எது? இரண்டு ஜோடி வாங்க எனக்கு வசதி இல்லை.

குத்தூசி

அயர்ன் ரேஞ்சர் வாங்கு தம்பி. நான் தாராவியில் தோல் கடை வைத்திருக்கிறேன். தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடுகிற வேலைக்கு இங்கே வந்தவர். பதனிடுகிற தொட்டிகள் ஊரைவிட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது, கடை மட்டும் இருக்கிறது. பை, பெல்ட் போக, வெளிநாட்டு பூட்ஸுக்குச் சோல் மாற்றுவதும் நான்தான் செய்கிறேன்.

என் மேஜைக்கு வருகிற எந்தச் செருப்பையும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு ஜோடியில் தேய்ந்திருப்பது ஒரே இடம்தான், குதிகாலின் வெளி ஓரம். நடக்கும்போது நாம் முதலில் ஊன்றுவது அங்கே. அயர்ன் ரேஞ்சரில் ஹீல் தனிக் கட்டை. நெம்பி எடுத்து, ஆணிகளைப் பிடுங்கி, தோல் அடுக்கைச் சமமாகத் தேய்த்து, புது ரப்பர் துண்டு ஒட்டி அடித்தால் ஒரு மணி நேர வேலை. மற்ற பகுதியைத் தொடவே வேண்டாம். வெட்ஜில் அது நடக்காது. ஓரம் சாய்ந்து தேய்ந்ததும் முழுச் சோலும் போகவேண்டியதுதான். அந்த மெத்தென்ற வெள்ளைச் சோல் நம்ம ஊர் சிமெண்டில் வேகமாகத் தேயும்.

அப்புறம் தாதர் ஸ்டேஷன். காலை ஒன்பது மணிக்கு ஏறுகிற கூட்டத்தில் உன் விரல்மேல் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று உனக்குத் தெரியும். அந்த இரட்டைத் தோல் தொப்பி மினசோட்டாவின் இரும்புச் சுரங்கத் தொழிலாளிகளின் காலை நினைத்து வைத்தது, பெயரே அங்கிருக்கிற அயர்ன் ரேஞ்ச் சுரங்கப் பகுதியிலிருந்து வந்ததுதான். இரும்புத் தொப்பி இல்லை, பாரம் விழுந்தால் தாங்காது. ஆனால் மிதிபட்டால் தாங்கும்.

செம்பூர்க்காரி

குத்தூசி அண்ணே, சோல் மாற்றும் கணக்கு சரிதான். ஆனால் நீங்கள் பூட்ஸைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறீர்கள், அவர் அதற்குள் காலை வைத்து நடக்கப்போகிறார்.

நான் கட்டட வரைவாளர். வாரத்தில் நான்கு நாள் சைட்டில் நிற்கிறேன். ஆறு வருடமாக மோக் டோதான், பெண்கள் அளவிலும் வருகிறது. ஸ்லாப் மேல் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் முதுகு வலி இல்லை. காரணம் அந்த வெட்ஜ். பாதம் முழுக்கத் தரையில் படுகிறது, எடை ஒரு இடத்தில் குவியாமல் பரவுகிறது. அமெரிக்காவில் உத்தரம் பூட்டுகிற இரும்பு வேலைக்காரர்கள் இதை விரும்பிப் போட்டதும் அதனால்தான். குறுகலான உத்தரத்தில் ஹீல் எதிலும் சிக்காது, அடி முழுக்கப் பிடித்து நிற்கும். சின்ன விஷயம் ஒன்று: பள்ளம் இல்லாத சோலில் சேறு ஏறாது. சைட் ஆபீஸ் வாசலில் மற்றவர்கள் குச்சியால் சுரண்டிக்கொண்டிருக்கும்போது நான் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

இன்னொன்று நம்முடைய காலைப் பற்றி. சின்ன வயசிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் வளர்ந்த கால் இது. விரல்கள் விரிந்து முன்பக்கம் அகலமாக இருக்கும். மோக் டோவின் முன்பக்கம் தாராளமானது, மேல்தோல் மடங்க இடம் இருக்கிறது. அயர்ன் ரேஞ்சரில் தொப்பியின் ஓரம் முடிகிற இடத்தில்தான் பாதம் மடங்கும். தோல் இளகும்வரை அந்தக் கெட்டி விளிம்பு சுண்டுவிரல் பக்கம் அழுத்தும். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டவா முடியும்?

பழைய ஜோடி

பாரம்பரிய பூட்ஸ் என்று பணம் கொடுத்தால் அதில் பாரம்பரியம் இருக்கவேண்டும். அயர்ன் ரேஞ்சர் தொழிலாளி பூட்ஸ். மோக் டோ ஃபேஷனுக்கு வந்தது, ஜப்பானில் பையன்கள் போட்டுப் பிரபலமானது. நான் அயர்ன் ரேஞ்சர் பக்கம்.

செம்பூர்க்காரி

பழைய ஜோடி சார், இதை அப்படியே விட முடியாது. வரலாறு தலைகீழாக இருக்கிறது.

ரெட் விங் கம்பெனி 1905-இல் தொடங்கியது. மோக் டோவின் மூல வடிவம் அவர்கள் 1952-இல் கொண்டுவந்த எட்டு அங்குல வேட்டை பூட்ஸ். செம்பழுப்புத் தோலின் நிறம் ஐரிஷ் செட்டர் நாயின் மயிர் மாதிரி இருந்ததால் அந்தப் பெயரையே வைத்தார்கள். புதரில் சத்தமில்லாமல் நடக்க அந்த மெத்தென்ற சோல் வசதி. பிறகு தச்சர்களும் இரும்பு வேலைக்காரர்களும் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் ஜப்பானில் அலை அடித்தது உண்மை, ஆனால் அதற்குள் இந்த பூட்ஸ் நாற்பது வருடம் உழைத்திருந்தது. அயர்ன் ரேஞ்சர் பழைய சுரங்க பூட்ஸின் சாயலில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரில், இன்றைய வடிவில் கடைக்கு வந்தது இந்த நூற்றாண்டில். எனக்கு இரண்டும் நல்ல பூட்ஸ்தான். வயதை வைத்து மோக் டோவைத் தள்ளாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பழைய ஜோடி

1952 எனக்குத் தெரியாது. திருத்தியதற்கு நன்றி. ஆனாலும் பேண்ட்டோடு பார்க்க அயர்ன் ரேஞ்சர்தான் அழகு. ஃபோர்ட் ஆபீஸுக்கு வெள்ளைச் சோல் எடுபடாது.

ஆம்பூர்ப் பேரன்

இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முந்நூறு டாலருக்கு மேல் கொடுத்து இது எதற்கு? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் வெல்ட் போட்ட ஷூவும் பூட்ஸும் தைத்துக் கப்பலேற்றுகிறார்கள். நம் ஆள் கைவேலைக்கு என்ன குறை? கோரமண்டல் ஏறி ஊருக்குப் போய் வந்தால்கூட மிச்சம் இருக்கும்.

குத்தூசி

கோரமண்டல் கொல்கத்தா வண்டி பேரனே, மும்பையிலிருந்து அது இல்லை. ஆனால் நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. கைவேலையில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

வித்தியாசம் தோலில். நம் ஊர் பெருமை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு பக்கம் செய்வது. கையில் எடுத்தால் ஒரு காய்ந்த பட்டை வாசம் வரும், எனக்கு அது தாத்தா வாசம். பைக்கும் உள் லைனிங்குக்கும் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நன்றாக நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும். ரெட் விங் தோல் அவர்களுடைய சொந்தத் தொட்டியில், எஸ்.பி. ஃபுட் என்று 1872-லிருந்து இருக்கிற ஆலையில், குரோம் உப்பு போட்டுப் பதனிட்டு எண்ணெய் ஏற்றிச் செய்வது. தடிமனும் எண்ணெயும் சேர்ந்து நனைவதை ஓரளவு தாங்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் குரோம் தோல் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் இவ்வளவு தடித்த எண்ணெய்த் தோலில் ஒரு ஜோடி பூட்ஸ் சில்லறையில் கேட்டால் கைக்குக் கிடைப்பது கஷ்டம். நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சயான்வாசி, மழையில் போடமாட்டேன் என்கிறாய். நல்லது. ஆனால் போடாமல் வைப்பதுதான் இந்த ஊரில் பெரிய ஆபத்து. ஜூலையில் அலமாரியைத் திறந்தால் வெல்ட் தையலோரம் வரிசையாக வெள்ளைப் புள்ளி நிற்கும், சுண்ணாம்பு தெறித்த மாதிரி. பூஞ்சை. மோக் டோவில் அந்த வளைவுத் தையலின் இரண்டு பக்கமும் பள்ளம் இருப்பதால் அங்கேயும் குடியேறும், துடைக்கவும் வராது. அயர்ன் ரேஞ்சரின் தொப்பி வழவழ, ஒரே துடைப்பில் போய்விடும். எதை வாங்கினாலும் பெட்டியில் மூடி வைக்காதே. காற்றாடுகிற இடத்தில் வை. பூத்துவிட்டால் பால்கனியில் வைத்து உலர்ந்த பிரஷ்ஷால் தட்டு, வினிகரில் தண்ணீர் கலந்து துடை, ஃபேன் காற்றில் காயவிடு. வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும்.

செம்பூர்க்காரி

தையல் பள்ளத்தில் பூஞ்சை வரும், ஒத்துக்கொள்கிறேன். நான் பழைய டூத் பிரஷ் வைத்திருக்கிறேன், வேலை முடிந்துவிடுகிறது.

வழுக்குவதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அது அவருக்கு முக்கியம். ஸ்டேஷன் பாலத்துப் படிகளில் மழைக்காலம் இல்லாவிட்டாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். முன்பு வேறொரு கம்பெனியின் வெட்ஜ் பூட்ஸ் போட்டிருந்தபோது, குர்லாவில் அப்படி நனைந்த கல்லில் இரண்டு படி சறுக்கிக் கைப்பிடியைப் பிடித்து நின்றேன். ஈரக்கல்லில் வெட்ஜ் கவனம் வேண்டும், மறைக்க மாட்டேன். அயர்ன் ரேஞ்சருக்கும் முன்னால் நைட்ரைல் கார்க் என்று வழவழப்பான அடிதான் இருந்தது. பள்ளம் வெட்டிய விப்ரம் கம்பெனி சோல் பின்னால் வந்தது. யாராவது பழைய அயர்ன் ரேஞ்சர் விற்றால் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கேள்வி, சயான்வாசி. ஃபோர்ட்டில் போய் நீங்கள் உட்காருகிறவரா, நிற்கிறவரா?

சயான்வாசி

அச்சகத்தில் வேலை அக்கா. காகிதம் ஏற்றி, மை பார்த்து, மெஷின் பக்கத்திலேயே ஏழெட்டு மணி நேரம் நிற்கிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும்.

செம்பூர்க்காரி

அப்படியானால் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளாசிக் மோக். ரயிலில் நிற்பது அரை மணி, மெஷின் பக்கம் நிற்பது ஏழு மணி. கால் எங்கே அதிக நேரம் இருக்கிறதோ அதற்குத்தான் வாங்கவேண்டும்.

குத்தூசி

நிற்கிற வேலை என்றால் வெட்ஜுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனாலும் நான் அயர்ன் ரேஞ்சர்தான் சொல்வேன். இறுக்கமெல்லாம் மூன்று வாரம்தான். உள்ளே இருக்கிற தோல் அட்டை பாதத்தின் அச்சைப் பிடித்துவிட்டால் நிற்கிறவனுக்கும் சுகமாகவே இருக்கும். பத்து வருடக் கணக்கில் செலவும் குறையும். தங்கச்சி பேசுவது இந்த வருடத்து முதுகு வலியை, நான் பேசுவது அந்தப் பத்து வருடத்தை.

செம்பூர்க்காரி

முதுகு இந்த வருடமே வலிக்கிறது அண்ணே.

சயான்வாசி

மாமாவிடம் கிளாசிக் மோக் என்று சொல்லிவிட்டேன். குத்தூசி அண்ணன் மன்னிக்கணும். ஓரோ லெகசி என்கிற அந்த ஆரஞ்சுப் பழுப்புத் தோல். இப்போது அளவுதான் பயமாக இருக்கிறது. மாமா திரும்பிப் போய் மாற்றித் தர முடியாது. என் ஸ்போர்ட்ஸ் ஷூ ஒன்பது.

குத்தூசி

மன்னிப்பெல்லாம் எதற்கு, உன் கால், உன் காசு.

ஒன்பது என்று சொல்லி அனுப்பிவிடாதே. இந்த பூட்ஸ் பெரிதாக வரும், பெரும்பாலானவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ அளவிலிருந்து அரை அளவாவது, சிலருக்கு ஒரு அளவே குறையும். கேட்டுக்கொள், நம்ம ஊர் ஷூவில் பிரிட்டன் எண் எழுதியிருக்கும், அமெரிக்க எண் அதைவிடக் கிட்டத்தட்ட ஒன்று கூட. உன் ஷூ நாக்கின் உள்பக்கம் எந்த எண் என்று பார். ராத்திரி வேலை முடிந்து வந்ததும் அளந்துகொள், அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். தடித்த சாக்ஸ் போட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, காகிதத்தின் மேல் எடையை ஊன்றி நின்று, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றி வரையச் சொல். இரண்டு காலும். நீளமும் அகலமும் மில்லிமீட்டரில் எழுதி அந்தக் காகிதத்தையே படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பு, கடையில் காட்டட்டும். அகலம் அதிகம் என்றால் டபுள் ஈ என்கிற அகல அளவு இருக்கிறதா என்று கேட்கச் சொல், நீளத்தைக் கூட்டி வாங்கவேண்டாம். மாமா தன் காலைப் போட்டுப் பார்த்து வாங்குவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

வந்ததும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடியைப் பார்த்துக்கொண்டே இரு. வெளி ஓரம் வெல்ட்டை நெருங்கும்வரை விடாதே. வெல்ட் தேய்ந்துவிட்டால் தைக்க எனக்குப் பிடிமானம் இருக்காது. அதற்கு ஒரு விரல் அகலம் முன்னாடியே தாராவிக்குக் கொண்டு வா.