புதுப்பிப்பு: பழைய கப்பலா, புதிய கப்பலா? முடிவெடுத்துவிட்டோம்

ஃப்ளோரிடாவிலிருந்து பெற்றோருடன் கரீபியன் கடலுக்குச் செல்ல, 1996-இல் கட்டப்பட்ட 'கிராண்டியர் ஆஃப் த சீஸ்' நல்லதா, 2024-இல் வந்த 'ஐகான் ஆஃப் த சீஸ்' நல்லதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பழைய கப்பலிலேயே முன்பதிவு செய்திருக்கிறோம்.

அறைக்கு இருவர் என்ற கணக்கில் முன்னது ஏறக்குறைய 2,000 பேரையும், பின்னது 5,600 பேருக்கு மேலும் ஏற்றிச் செல்கிறது. ஐகானின் நீளம் 365 மீட்டர் என்பதால், முழங்கால் வலியுள்ள அம்மா அறையிலிருந்து உணவகத்துக்கு நடக்க வேண்டிய தூரமே எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. அதன் ஆறு நீர்ச்சறுக்குகளைப் பார்த்துவிட்ட பிள்ளைகளைச் சமாதானப்படுத்தியது தனிக்கதை.

துறைமுகமும் ஒரு காரணம். டாம்பாவிலிருந்து புறப்படும் கப்பல்கள், நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 55 மீட்டர் உயரமே இடைவெளி உள்ள சன்ஷைன் ஸ்கைவே பாலத்தின் அடியில் செல்ல வேண்டியிருப்பதால், புதிய பெருங்கப்பல்கள் அங்கே வரவே முடியாது. எங்கள் வீட்டுக்கு அருகிலிருக்கும் துறைமுகமோ அதுதான்.

பழைய கப்பலில் குறைகளும் உண்டு. பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி இல்லை, குளியலறையும் சிறியது. வயதான கப்பல் பாதுகாப்பானதா என்று கேட்டவர்களுக்கு: கட்டிய ஆண்டைவிட, கடைசியாக உலர்துறையில் (நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைச் சரிபார்க்கும் தளம்) எப்போது பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள் என்பதையே நான் முக்கியமாகப் பார்ப்பேன்.

ஆட்டம் குறைவாகத் தெரியும் என்பதால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகே அறை எடுத்திருக்கிறோம்.