கேஸுக்காக பழைய மெயில் எல்லாம் கேக்குறாங்க, எங்கெங்க தேடணும்?

நெட்வொர்க்தம்பி:
எங்க கம்பெனி மேல ஒரு கேஸ் ஓடுது, வக்கீல் 4 பேரோட மெயில் முழுசா எடுத்துக் குடுங்கன்னு சொல்லிட்டார். இப்ப மைக்ரோசாஃப்டோட கிளவுட் மெயிலான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன்ல இருக்கோம், அதுக்கு முன்னாடி ஆபீஸ்லயே சர்வர் இருந்துச்சு. சர்வர்ல எடுத்தா போதுமா, லேப்டாப்பையும் பாக்கணுமா? ஒண்ணு விட்டுப்போனாலும் நாங்க மறைச்ச மாதிரி ஆயிடுமேன்னு பயமா இருக்கு.

மெயில்அட்மின்:
தேடுறது அப்புறம், முதல்ல அழியுறத நிறுத்துங்க. அந்த 4 மெயில்பாக்ஸுக்கும் இன்னைக்கே லிட்டிகேஷன் ஹோல்ட் போடுங்க, யார் அழிச்சாலும் மெயிலை பத்திரமா பிடிச்சு வைக்கிற செட்டிங் அது. டெலீட்டட் ஐட்டம்ஸ்ல இருந்தும் தூக்கின மெயில் ரெக்கவரபிள் ஐட்டம்ஸ்னு மறைவா ஒரு ஃபோல்டர்ல சாதாரணமா 14 நாள்தான் கிடக்கும், செட்டிங் மாத்தினாலும் 30 நாளைத் தாண்டாது, ஹோல்ட் இருந்தா மட்டும்தான் அங்கயே நிக்கும். அப்புறம் மைக்ரோசாஃப்டோட பர்வியூ போர்ட்டல்ல இ-டிஸ்கவரி (கேஸுக்காக மெயில் தேடி எடுக்குற டூல்) போட்டு எடுங்க, பழைய மெயிலை தனியா வைக்கிற ஆர்க்கைவ் மெயில்பாக்ஸ் இருந்தா அதையும் சேத்து.

பழையசர்வர்:
லேப்டாப் கண்டிப்பா பாக்கணும் தம்பி. அந்தக் காலத்து சர்வர்ல இடம் கம்மி, மெயில்பாக்ஸ் நிரம்பினதும் ஆளாளுக்கு பிஎஸ்டி ஃபைலா (அவுட்லுக் மெயிலை கம்ப்யூட்டர்லயே சேத்து வைக்கிற ஃபைல்) இறக்கி வச்சிட்டு சர்வர்ல அழிச்சிருப்பாங்க, அதெல்லாம் ஆன்லைன்ல வந்திருக்கவே வந்திருக்காது. டாக்குமெண்ட்ஸ்ல அவுட்லுக் ஃபைல்ஸ் ஃபோல்டர், ஆப்டேட்டா உள்ள மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் ஃபோல்டர், ஷேர்ட் டிரைவ், பென் டிரைவ் எல்லாத்துலயும் பிஎஸ்டின்னு தேடுங்க. ஓஎஸ்டிய மட்டும் நம்பிடாதீங்க, அது சர்வர்ல இருக்குற மெயிலை அவுட்லுக் தானா லேப்டாப்ல வச்சுக்குற நகல்தான், பெரும்பாலும் கடைசி 1 வருஷ மெயில்தான் இறங்கியிருக்கும். ஆனா வேலைய விட்டுப் போனவங்க மெயில்பாக்ஸை சர்வர்ல அழிச்சிருந்தா அந்த ஓஎஸ்டிதான் மிச்சம், தூக்கிப் போட்டுடாதீங்க. பழைய சர்வரோட பேக்கப் டேப் எங்க இருக்குன்னும் விசாரிங்க.

நெட்வொர்க்தம்பி:
ரொம்ப நன்றிண்ணா. ஒரு லேப்டாப்ல மட்டும் 3 பிஎஸ்டி கிடைச்சுச்சு! அவுட்லுக்ல ஓபன் பண்ணி என்ன இருக்குன்னு பாக்கலாமா?

மெயில்அட்மின்:
வேண்டவே வேண்டாம். சும்மா ஓபன் பண்ணி மூடினாலே ஃபைல் மாறிடும், தேதியும் மாறும், எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்கும். அவுட்லுக்கை மூடிட்டு காப்பி எடுங்க, ஒரிஜினலுக்கும் காப்பிக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு கோடு) போட்டு ரெண்டும் ஒண்ணான்னு பாருங்க, எந்த மெஷின், யார் எடுத்தது, எத்தனை மணிக்குன்னு எழுதி வைங்க, காப்பில மட்டும் கை வைங்க. அந்த 4 பேர்கிட்டயும் நேர்ல உக்காந்து கேளுங்க, வீட்டு கம்ப்யூட்டர்லயோ சொந்த ஜிமெயில்லயோ ஆபீஸ் மெயில் இருக்கான்னு. எங்க கேஸ்ல முக்கியமான மெயில் அப்படிக் கேட்டுத்தான் கிடைச்சுது, எந்த டூலும் கண்டுபிடிச்சுக் குடுக்கல.