ரமணருக்குக் குரு சேஷாத்ரி சுவாமிகளா?

மதுரைவாசி:
நேற்று சித்தாந்தி இங்கே எழுதியது இது: "குரு இல்லாமல் ஞானம் கிடையாது. ரமணருக்கே சேஷாத்ரி சுவாமிகள்தான் குரு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1896 ஜூலையில் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில், சித்தப்பா வீட்டு மாடி அறையில் 16 வயது வேங்கடராமன் (ரமணரின் இயற்பெயர்) கை கால் விறைத்துப் பிணம் போலப் படுத்து, செத்தால் எது சாகிறது என்று பார்த்தார். அண்ணாமலைக்கு வந்தது செப்டம்பர் 1. அங்கே வாழ்ந்த துறவி சேஷாத்ரி சுவாமிகளைப் பார்த்தது அதற்கும் பிறகு. ஞானம் கிடைத்து எல்லாம் முடிந்த பின் வந்தவர் எப்படி ஐயா குரு?

சித்தாந்தி:
தேதி பார்த்து ஞானத்தை அளக்கிறவரிடம் என்ன பேசுவது? அண்ணாமலையார் கோயிலின் பாதாள லிங்க நிலவறையில் தொடையெல்லாம் பூச்சி அரித்துப் புண்ணாகி, தன்னினைவு இல்லாமல் கிடந்த பிள்ளையைப் பையன்கள் கல்லால் அடித்தார்கள். காவல் நின்றது யார்? சேஷாத்ரி சுவாமிகள். "தெளிவு குருவின் திருமேனி காண்டல்" என்று திருமூலர் சும்மா பாடவில்லை.

மதுரைவாசி:
கல்லெறிந்த பையன்களை விரட்டினால் குருவா? அப்படியானால் அந்தக் குழியிலிருந்து தூக்கி வெளியே கொண்டுவந்த வேங்கடாசல முதலியாரும் குருதானே? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். ஜூலையில் மதுரை, செப்டம்பரில் அண்ணாமலை.

கிரிவலக்காரி:
இரண்டு பேரும் ரமணர் அருணாசல மலையைப் பாடிய அட்சரமணமாலையைப் படித்ததில்லையா? "குருவுருவாய் ஒளிர் அருணாசலா" என்று அவரே பாடியிருக்கிறார். மலைதான் குரு. மற்றவர்களுக்குக் குரு தேவை என்றும், அந்தக் குரு மனித வடிவில்தான் வர வேண்டும் என்பதில்லை என்றும் அவரே சொன்னார்.

சித்தாந்தி:
அம்மா, மலை எல்லாருக்கும் பேசாது. சைவ சித்தாந்தத்தில் உயிர்கள் மூன்று வகை: ஆணவம் மட்டும் உள்ள விஞ்ஞானகலருக்கு இறைவன் உள்ளிருந்து உணர்த்துவான், ஆணவமும் கன்மமும் உள்ள பிரளயாகலருக்கு முன்னே தோன்றி உணர்த்துவான், மாயையும் சேர்ந்த சகலருக்கு மனித வடிவில் வருவான். நாம் சகலர். மாணிக்கவாசகருக்கே திருப்பெருந்துறைக் குருந்த மரத்தடியில் குருவாக வந்து உட்கார வேண்டியிருந்தது.

மதுரைவாசி:
ஆக, உள்ளிருந்தே உணர்த்துவான் என்று உங்கள் சாத்திரமே சொல்கிறது. பிறகு சேஷாத்ரி சுவாமிகள் எதற்கு?

சித்தாந்தி:
ரமணர் விஞ்ஞானகலர் என்று முடிவு கட்ட நீங்கள் யார்? போன மாதம் வள்ளலார் பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான், மூன்று வரி படித்துவிட்டு முப்பது பதிவு போட்டீர்கள்.

மதுரைவாசி:
வள்ளலார் இழையில் பாதியில் காணாமல் போனது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சங்கு:
குரு வேண்டும் குரு வேண்டும் என்று சொல்லித்தான் எங்கள் ஊரில் ஒருவர் தீட்சைக்கு ஐயாயிரம் வாங்கினார். என் மைத்துனர் நகையை அடகு வைத்துக் கட்டினார். கிடைத்தது ஒரு ருத்ராட்சமும், அடுத்த நிலைக்கு எவ்வளவு என்ற அட்டையும். ரமணர் சடங்காக யாருக்கும் தீட்சை கொடுத்ததே இல்லை.

சித்தாந்தி:
உங்கள் மைத்துனர் ஏமாந்ததற்குத் திருமூலர் என்ன செய்வார்?

சங்கு:
வயிறு எரிந்து எழுதியிருக்கிறேன். இப்படிப் பேசுகிறவர் சைவமா?

மதுரைவாசி:
சங்கு, இவரிடம் இரக்கம் எதிர்பார்க்காதீர்கள். நான் கேட்டதற்கு வருகிறேன். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினார் வேங்கடராமன். தகப்பனாரைத் தேடி, அவர் உத்தரவுப்படி கிளம்பியதாகச் சீட்டில் எழுதியிருக்கிறார். பெற்ற தகப்பன் இறந்து நாலு வருஷமாகிவிட்டது. கூப்பிட்டது அருணாசலேசுவரர். சேஷாத்ரி என்று ஒருவர் இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

கிரிவலக்காரி:
இதைத்தானே நானும் சொன்னேன்? மலை என்று நான் எழுதியபோது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

சித்தாந்தி:
1929-ல் சேஷாத்ரி சுவாமிகளைச் சமாதி வைத்தபோது ரமணர் நேரில் வந்தார். அது ஏன் என்று மதுரைவாசி சொல்லட்டும்.

மதுரைவாசி:
பெரியவருக்குச் செய்த மரியாதை. அதற்கு வந்தவர் எல்லாரும் சீடரா?

சித்தாந்தி:
உங்களுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது. விஞ்ஞானகலர், சகலர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். படித்தவர்கள் மட்டும் வாருங்கள்.

மதுரைவாசி:
கட்டாயம் வருவேன். வேங்கடாசல முதலியார் குருவா இல்லையா என்பதை முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.